குவார்ட்டர் டு சிக்ஸ்: மணியும் வினைச்சொல்லும்

கோடைக்கானலில் லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷன் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். டிசம்பர் மாதக் குளிர். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த வயதான தம்பதி, மறுநாள் காலை கோடை ரோடு ஸ்டேஷனில் ரயில் பிடிக்க வேண்டும் என்று இரவு வந்து சொன்னார்கள். ‘வீ நீட் எ டாக்ஸி அட் குவார்ட்டர் டு சிக்ஸ்.’ என் காதில் ‘குவார்ட்டர்’ விழுந்தது, ‘சிக்ஸ்’ விழுந்தது. நடுவில் இருந்த ‘டு’ விழவில்லை. ஆறே கால் என்று நோட்டில் எழுதி டிரைவர் அண்ணனுக்கும் அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர்கள் கேட்டது ஐந்தே முக்கால். ஐந்தே முக்காலுக்கே பெட்டிகளோடு வாசலில் வந்து நின்றிருக்கிறார்கள். ஆறே காலுக்கு வண்டி வந்தபோது அந்த அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கோடை ரோடு இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வத்தலக்குண்டு வழியாக இறங்க மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். ரயில் போய்விட்டது. அவர்கள் என்னைத் திட்டவில்லை, ஆனால் அந்த அம்மாவின் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த ஒரு ‘டு’வுக்காகத்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

டாக்ஸி ஓட்டுபவர்கள், ஹோம்ஸ்டே நடத்துபவர்கள், ஏரிக்கரையில் குதிரை, சைக்கிள் வாடகைக்கு விடுபவர்கள், கைடுகள் என்று கோடைக்கானலில் பிழைக்கிற எல்லோருக்கும் இங்கிலீஷ் வார்த்தைகள் ஓரளவு தெரியும். தடுமாறுவது ‘எப்போது’ என்ற கேள்வியில்தான். இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். கண்ணால் படித்து நகராதீர்கள், வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

மணி

தமிழில் மணி சொல்லும்போது கடந்துபோன மணியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறோம். ஐந்து, ஐந்தே கால், ஐந்தரை, ஐந்தே முக்கால். ஆறு அடிக்கிற வரைக்கும் வாயில் ‘ஐந்து’தான். இங்கிலீஷ்காரர் அரை மணி வரைக்கும் நம்மைப் போலவே வருவார்: ‘குவார்ட்டர் பாஸ்ட் ஃபைவ்’, ‘ஹாஃப் பாஸ்ட் ஃபைவ்’. அரை தாண்டியதும் வரப்போகிற மணியைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். ஆறுக்கு இன்னும் கால் மணி இருக்கிறது என்பதுதான் ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’. ஆறுக்குப் பத்து நிமிடம் இருந்தால் ‘டென் டு சிக்ஸ்’. ஆக, ‘பாஸ்ட்’ கேட்டால் கூட்டுங்கள், ‘டு’ கேட்டால் கழியுங்கள்.

அமெரிக்கர்களில் சிலர் ‘டு’ போடுகிற இடத்தில் ‘ஆஃப்’ போடுவார்கள். ‘குவார்ட்டர் ஆஃப் சிக்ஸ்’ என்றாலும் ஐந்தே முக்கால்தான். ‘பாஸ்ட்’டுக்குப் பதில் ‘ஆஃப்டர்’ சொல்வார்கள்: ‘டென் ஆஃப்டர் சிக்ஸ்’ என்றால் ஆறு பத்து. இந்த ஊரையே 1845-இல் குடியிருப்பாக்கியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். 1901-இல் தொடங்கிய இன்டர்நேஷனல் ஸ்கூலும் அவர்கள் வழி வந்ததுதான். அதனால் அந்தப் பேச்சு இங்கே காதில் விழ வாய்ப்பு அதிகம்.

இதைவிடச் சிக்கலானது ‘ஹாஃப் செவன்’. பிரிட்டன்காரர் ‘பாஸ்ட்’டை விழுங்கிவிட்டு இப்படிச் சொன்னால் ஏழரை. ஜெர்மன்காரரோ டச்சுக்காரரோ சொன்னால் ஆறரையாக இருக்கலாம். அவர்கள் மொழியில் ‘பாதி ஏழு’ என்றால் ஏழை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்று பொருள். அவர்கள் இங்கிலீஷில் பேசினாலும் உள்ளே ஓடுவது அவர்கள் ஊர்க் கணக்கு. ஒரே சொல், ஒரு மணி நேர வித்தியாசம்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, விருந்தினர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லாமல் எண்ணாக மாற்றிச் சொல்வது. ‘குவார்ட்டர் டு சிக்ஸ்’ என்று அவர் சொன்னால் நீங்கள் ‘ஃபைவ் ஃபார்ட்டி ஃபைவ் இன் த மார்னிங், மேடம். இஸ் தட் ரைட்?’ என்று கேளுங்கள். அன்றைக்கு நான் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். எண்ணிலும் 15-ம் 50-ம் போனில் ஒன்றுபோலக் கேட்கும். ‘ஃபிஃப்டீன்’ சொல்லும்போது பின்பாதியை இழுத்து அழுத்துங்கள், ‘ஃபிஃப்டி’க்கு முன்பாதியை. சந்தேகம் வந்தால் ‘ஒன் ஃபைவ்’ அல்லது ‘ஃபைவ் ஸீரோ’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

நாம் ‘ராத்திரி ரெண்டு மணி’ என்போம். அவர்களுக்கு அது ‘டூ இன் த மார்னிங்’. பன்னிரண்டு அடித்ததும் அவர்களுக்குக் காலை பிறந்துவிடுகிறது, நமக்கு விடிந்தால்தான் காலை. ரயில் டிக்கெட்டில் பன்னிரண்டாம் தேதி 00:15 என்று போட்டிருந்தால், வண்டி கிளம்ப வேண்டியது பதினொன்றாம் தேதி இரவு. இதை ‘யூ லீவ் ஹியர் ஆன் த நைட் ஆஃப் த லெவன்த்’ என்று தேதியோடு சொல்லிவிடுங்கள். ஒரு நாள் தப்பிப் போகிறவர்கள் இங்கேதான் தப்பிப் போகிறார்கள்.

இன்னொன்று. இரவு எட்டு மணிக்கு வந்து இறங்குகிற விருந்தினரை ‘குட் நைட், சார்’ என்று வரவேற்காதீர்கள். அது விடைபெறும்போது சொல்வது. எத்தனை இருட்டினாலும் வரவேற்க ‘குட் ஈவ்னிங்’தான்.

பத்து வருஷமா, லேர்ந்து

பள்ளிக்கூடத்தில் டென்ஸ் என்றதும் பன்னிரண்டு கட்டம் போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள். அந்தப் பயத்தை விடுங்கள். தமிழில் காலம் மூன்று என்று தொல்காப்பியம் சொல்கிறது, ஆனால் நம் வாயில் வந்தார், வந்திருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார், வந்திருந்தார், வரப்போகிறார் எல்லாம் தினமும் புரள்கின்றன. அந்தக் கட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு நம்மிடம் ஜோடி உண்டு. வழி பிரிகிற இடங்கள் சிலவே, அவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலாவது, ‘ஐ ஆம் டிரைவிங் சின்ஸ் டென் இயர்ஸ்.’ மலையில் தினம் கேட்கிற வாக்கியம். இதில் இரண்டு பிழை இருக்கிறது, முதல் பிழையைத் தமிழை வைத்தே திருத்தலாம். ‘பத்து வருஷமா’ என்று தமிழில் ‘ஆ’ வந்தால் இங்கிலீஷில் ‘ஃபார்’. ‘2014-லேர்ந்து’ என்று ‘லேர்ந்து’ வந்தால் ‘சின்ஸ்’. மூணு நாளா என்றால் ‘ஃபார் த்ரீ டேஸ்’, திங்கட்கிழமைலேர்ந்து என்றால் ‘சின்ஸ் மண்டே’. வாயைத் திறப்பதற்கு முன் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள், சரியான சொல் தானாக வரும்.

அடுத்தது வினை. தமிழில் ‘பத்து வருஷமா ஓட்டுறேன்’ என்று நிகழ்காலமே போதும். அன்று தொடங்கி இன்றும் நிற்காமல் நடக்கிற வேலைக்கு இங்கிலீஷ் தனி வடிவம் வைத்திருக்கிறது: ‘ஐ ஹேவ் பீன் டிரைவிங் ஃபார் டென் இயர்ஸ்.’ பேச்சில் சுருங்கி ‘ஐவ் பின் டிரைவிங்’ ஆகும்.

இந்த வடிவத்துக்கு நம் மலை மேலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் மதராஸ் மணியை வைத்துத்தான் ஓடின. அந்த மணியைக் கணித்துக் கொடுத்தது மதராஸ் வானியல் ஆய்வகம். அதன் வானியல் வேலை 1899-இல் கோடைக்கானலுக்கு ஏறி வந்தது. 1906-இல் இந்தியா முழுமைக்கும் ஒரே மணி என்று வந்தபோது மதராஸ் கடிகாரத்தை ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னே தள்ளி வைக்க வேண்டியிருந்தது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது 1909-இல், இங்கேதான். இந்த ஆய்வகத்தில் வானம் தெளிந்த நாட்களில் சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் 1904 முதல் தொடர்ந்து வருகிறது. விருந்தினரை அந்த வழியாக அழைத்துப் போகும்போது சொல்லுங்கள்: ‘தே ஹேவ் பீன் ஃபோட்டோகிராஃபிங் த சன் ஹியர் சின்ஸ் நைன்டீன் ஓ ஃபோர்.’ கேட்பவர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

முடிந்துபோன விஷயம் என்றால் ‘ஹேவ்’ வேண்டாம். ‘எவர்ஷெட் மேட் ஹிஸ் டிஸ்கவரி இன் நைன்டீன் ஓ நைன்.’ ஏரியைப் பற்றி ‘லேக் இஸ் மேட் இன் 1863’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கலெக்டர் லெவிஞ்ச் உண்டாக்கிய ஏரி, முடிந்துபோன வேலை. ‘த லேக் வாஸ் மேட் இன் எய்ட்டீன் சிக்ஸ்ட்டி த்ரீ.’ ஆண்டுகளைப் பெரும்பாலும் இப்படி இரண்டிரண்டு எண்ணாகப் பிரித்துச் சொல்லப் பழகுங்கள்.

‘வரும்’ என்பது ‘வில்’ அல்ல

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். தமிழில் தினமும் நடப்பதை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம். ‘ஆறு மணிக்கு பஸ் வரும்.’ ‘காலையில வியூ நல்லா இருக்கும்.’ ‘மத்தியானம் மேகம் இறங்கிடும்.’ இதை அப்படியே ‘வில்’ போட்டு மாற்றினால், கேட்பவர் காதில் அது வாக்குறுதி.

தூண் பாறைக்குப் போகலாமா என்று ஒரு குடும்பம் கேட்கிறது. நீங்கள் ‘இன் த மார்னிங் த வியூ வில் பி கிளியர், சார்’ என்கிறீர்கள். உங்கள் மனசில் இருப்பது ‘வழக்கமா காலையில தெளிவா இருக்கும்’. அவர் கேட்டுக்கொண்டது ‘நாளைக் காலை கட்டாயம் தெளிவா இருக்கும்’. போய் நின்றால் கண்ணுக்கு எட்டின தூரம் வெள்ளைத் திரை. 400 அடிப் பாறை மூன்றும் அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன. ‘யூ டோல்ட் அஸ் இட் வுட் பி கிளியர்’ என்கிறார். நீங்கள் பொய் சொல்லவில்லை, ‘வில்’ சொல்லிவிட்டீர்கள்.

வழக்கத்துக்கு இங்கிலீஷில் வெறும் நிகழ்காலம்தான். ‘த பஸ் கம்ஸ் அட் சிக்ஸ்.’ ‘த மிஸ்ட் கம்ஸ் இன் த ஆஃப்டர்நூன்.’ அதோடு ‘யூஷுவலி’ என்ற சொல்லைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். மலையில் தொழில் செய்பவருக்கு அது குடை மாதிரி: ‘த வியூ இஸ் யூஷுவலி கிளியர் இன் த மார்னிங், பட் வீ கான்ட் பி ஷ்யூர்.’

நாளை நீங்களே செய்து தரப்போகிற காரியத்துக்கு ‘வில்’ தாராளமாகச் சொல்லலாம்: ‘ஐ வில் பிக் யூ அப் அட் செவன்.’ கண்ணுக்கு முன்னால் மேகம் கறுத்து நிற்கும்போது நாம் ‘மழை வரப்போகுது’ என்போம். அந்தப் ‘போகுது’வுக்கு அச்சு அசலாக இங்கிலீஷிலும் ‘கோயிங் டு’ இருக்கிறது: ‘இட்ஸ் கோயிங் டு ரெயின்.’ இந்த ஒன்றில் இரண்டு மொழியும் கைகோத்து நடக்கின்றன.

‘இதோ வந்துட்டேன்’

போன் அடிக்கிறது. செருப்பைக்கூட இன்னும் மாட்டவில்லை. ‘இதோ வந்துட்டேன் சார்’ என்கிறோம். விரைவைக் காட்ட, வரப்போவதை வந்ததாகவே சொல்வது தமிழில் பழைய வழக்கம். தொல்காப்பியமே அதற்கு விதி வகுத்திருக்கிறது. ஆனால் இங்கிலீஷில் ‘ஐ கேம், சார்’ என்றால் அவர் வாசலுக்கு வந்து தெருவைப் பார்ப்பார். வண்டி இருக்காது.

கிளம்பிவிட்டீர்கள் என்றால் ‘ஐ ஆம் ஆன் மை வே.’ இன்னும் கிளம்பவில்லை என்றால் ‘ஐ ஆம் ஜஸ்ட் லீவிங்.’ வாசலுக்கே வந்தாயிற்று என்றால் ‘ஐ ஆம் ஹியர்.’ எத்தனை நிமிடம் என்பதையும் சேருங்கள்: ‘ஐ வில் பி தேர் இன் டென் மினிட்ஸ்.’ பெருமாள்மலைப் பக்கம் வண்டிகள் தேங்கி நின்றால் பத்தை இருபதாக்கிச் சொல்லிவிட்டுப் பதினைந்தில் போய் நில்லுங்கள்.

‘பத்து நிமிஷத்துக்கு முன்னாடி’ என்பதைச் சொல் மாற்றாமல் ‘பிஃபோர் டென் மினிட்ஸ்’ ஆக்குவது இன்னொரு பழக்கம். கடந்ததைச் சொல்லும்போது ‘அகோ’, அதுவும் கடைசியில்: ‘தே லெஃப்ட் டென் மினிட்ஸ் அகோ.’ நேரம் ‘ஆகும்’ என்று நாம் சொல்கிற இடத்தில் இங்கிலீஷில் ‘எடுக்கும்’: ‘இட் டேக்ஸ் அபவுட் த்ரீ அவர்ஸ் டு கோடை ரோடு.’

‘க்குள்ள’ என்றால் ‘பை’, ‘வரைக்கும்’ என்றால் ‘டில்’. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வேண்டும், குறித்த நேரத்துக்குள் வெளியே வந்துவிடவும் வேண்டும். அங்கே ‘வீ மஸ்ட் கம் அவுட் பை த்ரீ’ என்று சொல்ல வேண்டியதை ‘டில் த்ரீ’ என்று சொன்னால், மூன்று மணி வரைக்கும் நிதானமாக உட்காரலாம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

எடுத்துட்டீங்களா?

2024 மே 7 முதல் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு. அன்றிலிருந்து ஹோம்ஸ்டேக்காரர்கள் போனில் அதிகம் கேட்கும் கேள்வி ‘இ-பாஸ் எடுத்துட்டீங்களா?’ இந்த ‘துட்டீங்களா’வுக்கு நேர் ஜோடி ‘ஹேவ் யூ’: ‘ஹேவ் யூ டேக்கன் த இ-பாஸ், சார்?’ கிளம்பிட்டீங்களா என்றால் ‘ஹேவ் யூ லெஃப்ட்?’

ஒரு எச்சரிக்கை. தமிழில் ‘நேத்தே எடுத்துட்டேன்’ என்று நேற்றையும் ‘ட்டேன்’னையும் சேர்க்கலாம். இங்கிலீஷில் ‘எஸ்டர்டே’ வந்துவிட்டால் ‘ஹேவ்’ ஓடிவிட வேண்டும். ‘ஐ ஹேவ் டேக்கன் இட்’ சரி, ‘ஐ டுக் இட் எஸ்டர்டே’ சரி. இரண்டையும் கலந்த ‘ஐ ஹேவ் டேக்கன் இட் எஸ்டர்டே’ சரியில்லை. ‘ஹேட்’ என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். அதை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். அது இல்லாமலே உங்கள் தொழில் நடக்கும்.

ஒரு பூவும் அதன் காலங்களும்

‘வென் டஸ் த குறிஞ்சி புளூம்?’ குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு அழைத்துப் போகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 1936-இல் லேடி ராமநாதன் கட்டிய கோயில் அது. அங்கே நின்று பதில் சொல்லும்போது இதுவரை பார்த்த காலங்கள் அத்தனையும் தேவைப்படும்.

இயல்பைச் சொல்வது முதலில். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் என்பதில் ‘பூக்கும்’ இருந்தாலும் ‘வில்’ கிடையாது: ‘இட் புளூம்ஸ் எவ்ரி ட்வெல்வ் இயர்ஸ்.’ கடைசியாக மலை நீலமானது 2018: ‘இட் லாஸ்ட் புளூம்ட் இன் ட்வென்ட்டி எய்ட்டீன்.’ அங்கொன்று இங்கொன்று இடையில் பூப்பதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அடுத்தது 2030. இங்கே ஓர் அழகான சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள். ரயிலுக்கும் பிரசவத்துக்கும் சொல்கிற ‘டியூ’: ‘இட் இஸ் டியூ அகெய்ன் இன் ட்வென்ட்டி தர்ட்டி.’ முறை வரவேண்டிய காலம் என்று பொருள், வானத்தையும் மழையையும் நம்பி இருக்கிற விஷயத்துக்கு ‘வில்’லைவிடப் பொருத்தமானது.

பிறகு அவர் உங்களைப் பார்த்து ‘ஹேவ் யூ சீன் இட்?’ என்பார். வாழ்நாளில் எத்தனை தடவை என்று சொல்வதானால் ‘ஹேவ்’: ‘ஐ ஹேவ் சீன் இட் த்ரீ டைம்ஸ்.’ எந்தெந்த வருஷம் என்று சொல்ல ஆரம்பித்தால் ‘ஹேவ்’ போய் ‘சா’ வரும்: ‘ஐ சா இட் இன் நைன்டீன் நைன்டி ஃபோர், டூ தௌசண்ட் சிக்ஸ், அண்ட் ட்வென்ட்டி எய்ட்டீன்.’ பளியர் பழங்குடிப் பெரியவர்கள் இந்தப் பூவை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. 94-இல் அம்மாவின் இடுப்பில் இருந்து பார்த்தேன், 2018-இல் என் பிள்ளையைத் தூக்கிக் காட்டினேன் என்று சொல்ல முடிந்தவர்கள் உங்களில் நிறைய பேர் இருக்கிறீர்கள். அதைச் சொல்லுங்கள். இலக்கணம் பிசகினாலும் பரவாயில்லை, எந்தப் புத்தகத்திலும் கிடைக்காத தகவல் அது.

இன்றிரவே செய்ய வேண்டியது

மறுநாள் திட்டத்தை முந்தின இரவே விருந்தினரிடம் வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். மணி, வழக்கம், வாக்கு மூன்றும் அதில் வந்துவிடும். கண்ணாடி முன் நின்று ஐந்து தடவை சொல்லிப் பாருங்கள்:

‘குட் ஈவ்னிங், மேடம். டுமாரோ ஐ வில் கம் அட் சிக்ஸ் தர்ட்டி, தட்ஸ் ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ். வீ வில் கோ டு பில்லர் ராக்ஸ் ஃபர்ஸ்ட், பிகாஸ் இட் இஸ் யூஷுவலி கிளியர் இன் த மார்னிங். இட் டேக்ஸ் அபவுட் ட்வென்ட்டி மினிட்ஸ். வீ வில் பி பேக் பை டென் ஃபார் பிரேக்ஃபாஸ்ட். இஃப் தேர் இஸ் மிஸ்ட், வீ வில் வெயிட் எ லிட்டில். ஐ ஹேவ் பீன் டேக்கிங் பீப்பிள் தேர் ஃபார் டென் இயர்ஸ். குட் நைட், மேடம்.’

உங்கள் வண்டி எத்தனை வருஷமாக ஓடுகிறதோ அந்த எண்ணைக் கடைசிக்கு முந்தின வாக்கியத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.